தரமஙகலம ஆகிவிடும் திருமங்கலம்

மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் சாலையில் இருக்கும் திருமங்கலத்தின் பெயரில் 7 எழுத்துகள். தமிழ்99 விசைப்பலகையில் அதை அடிக்க 10 தட்டுகள் போதும். கணினிக்குள் ஒருங்குறியாக அது பதிவாகும்போதோ 11 குறியீடுகள்.

தட்டாமல் வந்த அந்த ஒன்று, 'ங்' மேலுள்ள புள்ளி. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினால் மென்பொருளே புள்ளி வைத்துவிடும். ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினாலும் அப்படியே: 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டுதான். 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகளுக்குள் உயிர்மெய் முழுவதையும் அடக்கிய இந்த முறையைத் தமிழக அரசு 1999இல் தரப்படுத்தியது. தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள் செய்த வேலை என்பது விரலுக்கே தெரியும்.

தட்டச்சுப் பயிலகத்தில் பழகியவர்களின் கணக்கு வேறு. 'கெ' அடிக்க அவர்களுக்கு முதலில் கொம்பு, பிறகு க. ஒருங்குறியில் க முன்னால், கொம்பு பின்னால். ஆகவே மென்பொருள் கொம்பைக் கையில் வைத்துக் காத்திருந்து, க வந்ததும் இடம் மாற்றிச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும், பெயர், ஊர் கேட்கும் பெட்டியில் வந்து காரியம் கெடலாம். 'எழுத்தை மட்டும் ஏற்றுக்கொள்' என்று நிரலர் ஒரு நிபந்தனை போடுகிறார். எண்ணும் நிறுத்தக்குறியும் நுழையாமல் தடுக்கத்தான். ஆனால் ஒருங்குறி அட்டவணையில் க, ம போன்றவைதான் எழுத்து. புள்ளியும் கொம்பும் சுழியும் 'குறி' என்ற தனி வகை. பெட்டி அவற்றை உதிர்த்துவிடும். மிஞ்சுவது: தரமஙகலம.

குறிகளையும் அனுமதித்தால் இது தீரும். இன்னொரு சிக்கல் குறுக்குவழி விசைகளால் வருவது. ஆங்கிலத்தில் சாய்கோடு இருக்கும் விசையில்தான் தமிழ்99இன் ழ இருக்கிறது. அந்த விசையைத் தேடலுக்கான குறுக்குவழியாக்கும் நிரல், அதிலிருந்து வருவது எந்த எழுத்து என்று பார்க்காவிட்டால் ழகரத்தை விழுங்கிவிடும்.

திருத்துவதிலும் நுட்பம் உண்டு. 'மு' என்பதன் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் பொதுவாகச் சுழி மட்டும் போகும், ம நிற்கும். 'மூ' ஆக்க ஊ தட்டினால் போதும். தட்டச்சர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் கர்சருக்கு முன்னால் நிற்கும் எழுத்து எதுவென்று விசைப்பலகை மென்பொருளுக்குப் பெட்டி சொல்ல வேண்டும். சொல்லாத பெட்டியில் 'மஊ' என்றே விழும்.