ஆலைக்குப் போனது அப்பா... நோய் அம்மாவுக்கு ஏன்? ஆஸ்பெஸ்டாஸ் தூசி வீட்டுக்குள் வருவது இப்படித்தான்!

குமரி மாவட்டத்தில் ஓட்டு வீட்டை ஒட்டி இறக்கிய அடுக்களை, மாட்டுத்தொழுவம், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை என்று எங்கே பார்த்தாலும் மேலே சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடக்கும். 2017 நவம்பர் 30-ல் வந்த ஒக்கி புயலில் மரம் விழுந்து நொறுங்கிய கூரைகளில் இதுவும் உண்டு.

உடையாமல் கிடக்கும் ஷீட்டால் பெரிய தொந்தரவு இல்லை. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கின்றன. மூச்சில் போனால் நுரையீரலில் குத்தி நின்றுவிடும். நோய் தெரிய 20, 30, சமயத்தில் 40 வருஷம்கூட ஆகும். நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா... இதெல்லாம் அப்படி வருவதுதான்.

கூரைக்கே இப்படி என்றால், மூட்டை மூட்டையாக இழையைக் கொட்டும் ஆலைக்குள்?

வீட்டுக்கு எப்படி வந்தது?

சட்டையில் ஒட்டிக்கொண்டுதான். லண்டனில் மீசோதீலியோமா வந்த 76 பேரைப் பற்றிய ஆய்வு 1965-ல் வெளியானது. அதில் 31 பேர் ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தவர்கள். 9 பேர் ஆலைப் பக்கமே போகாதவர்கள். தொழிலாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், அவ்வளவுதான். அவர்களில் பெரும்பாலானோர் கணவரின் அழுக்குத் துணியை உதறித் துவைத்த மனைவிமார். மற்றவர்களில் 11 பேர் ஆலைக்கு அரை மைல் தூரத்துக்குள் குடியிருந்தார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

அகமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை ஆலை வைத்திருக்க வேண்டும்; நோய் உறுதியானால் 1 லட்சம் ரூபாய் தர வேண்டும். நோய் தாமதமாக வரும் என்று புரிந்துகொண்ட தீர்ப்பு இது. ஆனால் இழப்பீட்டுச் சட்டம் 'தொழிலாளி' என்றுதான் பேசுகிறது. துணி துவைத்த மனைவி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. இந்தியாவோ சுரங்கத்துக்குப் புது அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டு, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது!

பழைய ஷீட்டை மாற்றுகிறவர்கள் தண்ணீர் தெளித்து, உடைக்காமல், முழுசாக இறக்க வேண்டும். துண்டுகளை உலர்வாகப் பெருக்கக் கூடாது. தீராத இருமல், மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், 20 வருஷத்துக்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார்கள், வீட்டில் யார் எந்த ஆலைக்குப் போனார்கள் என்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது.