கத்தியும் கயிறும்

தன் சகோதரனை நோக்கி எவரும் ஆயுதத்தை நீட்டலாகாது. ஷைத்தான் அக்கையை இழுத்துவிடக்கூடும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணப்படும் செய்தி இது. விளையாட்டுக்கு நீட்டுவதும் இத்தடையில் அடங்கும் என்பர் உலமாப் பெருமக்கள். அடிக்க நினையாத கை எவ்வாறு ஓங்குகிறது?

1967-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெர்கோவிட்ஸ், லபேஜ் எனும் இருவர் 100 மாணவர்களைச் சோதித்தனர். சிலருக்கு ஒரே ஒரு மின்னதிர்ச்சி, சிலருக்கு 7. பின்னர் திருப்பிக் கொடுக்க வாய்ப்பளித்தனர். மேசைமீது துப்பாக்கிகள் கிடந்தபோது, 7 பெற்றுச் சினந்திருந்தோர் மிகுதியாகத் திருப்பிக் கொடுத்தனர். சினமூட்டப்படாதோரை அவை அசைக்கவில்லை! பிந்திய சோதனைகள் சிலவற்றில் இம்முடிவு அவ்வாறே கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வேட்டைத் துப்பாக்கியைக் கண்டதும் பிறர் மனத்தில் எழும் வன்மையான எண்ணம் வேட்டைக்காரரிடம் அவ்வளவு எழவில்லை என்றது. பொருளன்று, அதனோடு பழகிய பழக்கமே பேசுகிறது.

மாப்பிள்ளையூரணியில் இதனை விளக்க வேண்டியதில்லை. கடலுக்குச் செல்வோருக்குக் கத்தி வலைக்கயிறு அறுக்கும் கருவி. தெருச்சண்டையில் மட்டுமே அதைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு?

இரும்பு கூட வேண்டுவதில்லை. ஒரு பெயரோ நிறமோ போதும். 1997-இல் போக்குவரத்துக் கழகமொன்றுக்கு வீரன் சுந்தரலிங்கனார் பெயர் சூட்டப்பட்டதைத் தொடர்ந்து தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிற்று. பெயர்கள் போயின, மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாய்க் கயிறு இருந்துகொண்டே இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் நிறக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். ஆயினும் அந்நிறத்துக்குப் பொருள் கற்பித்தது பள்ளிக்கூடமன்று, வீட்டுத் திண்ணை அல்லவா?

சீண்டலோ வந்தே தீரும். அபூதர் (ரலி) அவர்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தொட்டியை ஒருவர் வந்து உடைத்துவிட்டார். நின்றுகொண்டிருந்த அவர்கள் உட்கார்ந்தார்கள்; பின்பு படுத்துக்கொண்டார்கள். வியந்து வினவியோரிடம், கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அதிலும் தணியாவிடில் படுக்கட்டும் என்று பெருமானார் (ஸல்) பணித்ததைச் சொன்னார்கள். நிற்பவன் அடிக்க ஆயத்தமாக இருக்கிறான், உட்கார்ந்தவனோ அத்துணை ஆயத்தமாக இல்லை என்பது இமாம் கத்தாபி தந்த விளக்கம்.