உங்கள் கைராசியில் குறையில்லை

படம் போட்ட விதைப் பைக்கற் ஒன்றை ஆசையோடு வாங்கி வருகிறீர்கள். சாடியில் மண் நிரப்பி விதைக்கிறீர்கள். ஐந்தாறு நாளில் பச்சைப்பசேலென்று முளைக்கிறது. வீட்டில் எல்லோரையும் அழைத்துக் காட்டுகிறீர்கள். மறுவாரம் பார்த்தால் நாற்றுகள் சரிந்து கிடக்கின்றன. "எனக்குக் கைராசியில்லை" என்று அலுத்துக்கொண்டு, மீண்டும் குரோட்டன் செடிகளோடு நின்றுவிடுகிறீர்கள்.

உங்கள் கையில் ஒரு குறையுமில்லை. கொஸ்மொஸ், சீனியா, ஸ்வீட் பீ போன்ற ஒரு பருவப் பூச்செடிகள் பெரும்பாலும் கவனிப்புக் குறைவதால் சாவதில்லை. கவனிப்பு மிஞ்சுவதால்தான் சாகின்றன.

காலம் பார்த்து விதையுங்கள்

சீனியாவும் கொஸ்மொஸும் விதைத்து இரண்டு, இரண்டரை மாதங்களில் பூக்கும். பூக்கும் நாட்களில் அடைமழை இருக்கக் கூடாது. கொழும்பு, களுத்துறைப் பக்கம் உள்ளவர்கள் டிசம்பரில் விதைத்தால் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் பூப் பறிக்கலாம். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்தார் பெருமழை ஓய்ந்த பின் ஜனவரி கடைசியில் தொடங்குவது நல்லது. ஸ்வீட் பீ குளிரை விரும்புவது. அது நுவரெலியா, வெலிமடை போன்ற மலைநாட்டு வீடுகளுக்கே உரியது.

முதல் இரண்டு வாரம்

வெறும் யோகட் கோப்பைகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். அடியில் மூன்று துளைகள் இடுங்கள். மண், மணல், கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, கொதிநீர் ஊற்றி, நன்றாக ஆறவிட்டு நிரப்புங்கள். கோப்பைக்கு இரண்டு விதை போதும். கால் அங்குல மண்ணால் மூடுங்கள்.

மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். தண்ணீர் உள்ள தட்டில் கோப்பைகளைச் சற்று நேரம் வைத்து, மேல்மண் நனைந்ததும் எடுத்துவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். நாற்றுகள் சரிந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. எப்போதும் ஈரமாயிருக்கும் மண்ணில் பூஞ்சணம் வளர்ந்து, மண்ணை ஒட்டிய தண்டை அழுக வைக்கிறது. தண்டு நூலாக மெலிந்து சாய்ந்துவிடும். அதன்பின் எந்த மருந்தும் அந்த நாற்றைக் காப்பாற்றாது.

முளைத்ததும் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். நிழலில் வைத்தால் வெளிச்சம் தேடி நெடுத்து நலிந்துவிடும்.

நடுவதும் நுனி கிள்ளுவதும்

நாலைந்து இலை வந்ததும் ஒரு மாலைப்பொழுதில் கோப்பையை வெட்டிப் பிரித்து, மண்கட்டி உடையாமல் நடுங்கள். சீனியா வேரில் கைபட்டால் முகம் சுளிக்கும் செடி. செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் சீனியா இலைகளில் மாப் பூசியது போல வெண்ணோய் படரும். கொஸ்மொஸுக்குப் பசளையை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் மண்டும், பூ வராது.

செடி ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் அந்த ஒரு நுனிக்குப் பதிலாகப் பல கிளைகள் வெடிக்கும், கிளைதோறும் பூ.

தயங்காமல் வெட்டுங்கள்

தண்ணீரிலும் பசளையிலும் சிக்கனம் சொன்னேன். வெட்டுவதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். விதை முற்றிவிட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துவிடும். வெட்ட வெட்டத்தான் பூக்கும்.

அதிகாலையில் வெட்டி உடனே தண்ணீரில் போடுங்கள். சீனியாவின் காம்பைப் பூவுக்கு எட்டங்குலம் கீழே பிடித்து ஆட்டிப் பாருங்கள். தலை துவண்டால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்; விறைப்பாக நின்றால் வெட்டலாம். கொஸ்மொஸை இதழ் விரியத் தொடங்கும்போதே வெட்டுங்கள். தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் களைந்து, தினமும் தண்ணீர் மாற்றினால் கழுவிய ஜாம் போத்தலே போதும். பழக்கூடைக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு பூக்களை விரைவில் உதிர்த்துவிடும்.

மலைநாட்டுச் சகோதரிகளுக்கு

ஸ்வீட் பீயின் தாயகம் இத்தாலியின் தென்பகுதி. ஆனாலும் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ், 1753இல் அதன் ஒரு வகைக்கு இலங்கையின் பெயரையே வைத்துவிட்டார். அது இங்கிருந்து போனதென்று அன்று எண்ணியிருந்தார்கள்!

விதையை ஓரிரவு ஊறவைத்து விதையுங்கள். கொடி பற்றி ஏற ஆறடிக் கம்பும் நூலும் வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: இதன் காய் பட்டாணி போலவே இருக்கும், விதையோ நச்சுத்தன்மை உள்ளது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் ஊறவைத்த விதையைச் சமையலறையில் வைக்காதீர்கள். காய்களையும் பிஞ்சிலேயே கிள்ளி எறியுங்கள்.

பருவம் முடியும்போது நல்ல சீனியாச் செடி ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். தலை காய்ந்து கபில நிறமானதும் விதை எடுத்துக் கடதாசி உறையில் வையுங்கள். கலப்பின விதையென்றால் நிறம் மாறி வரக்கூடும். மற்றவை பெரும்பாலும் தாயைப் போலவே பூக்கும். அடுத்த வருடம் பைக்கற் வாங்கும் செலவு மிச்சம். கைராசியில்லை என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒரு பிடி கொடுங்கள். கூடவே, "தண்ணீரைக் குறையுங்கள்" என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.