குகை வரைக்கும் ஒரு நடை



விடுமுறைக்குப் பிள்ளைகளோடு காட்டுவழி நடக்க ஆசையா? ஆரணி, பெரியபாளையம் பக்கத்தவர்கள் மலைவாசஸ்தலம் தேடி அலைய வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியே போதும்.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்கு, சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏரிக்கரையில் காலாற நடந்து நீர்ப்பறவைகளைப் பார்ப்பதே போதும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால், அருகே அல்லிக்குழி காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியம் குகை. முட்புதர்க் காட்டு வழியே நடந்தால் பாறை பெரிய கூரைபோல் கவிந்து நிற்கும். உற்றுப் பாருங்கள்: பாறை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். ஆதிமனிதர் கருவி செய்தது இந்த வகைக் கற்களில்தான். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது! பூண்டி தொல்லியல் அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைக் காணலாம்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில், எந்தத் தடம் திறந்திருக்கிறது, எது எளிது என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள். வெயில் ஏறும்முன் கிளம்புங்கள். ஷூ, தொப்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் அவசியம். ஏரியில் மட்டும் இறங்காதீர்கள். பிளாஸ்டிக் குப்பையைக் கையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.