நாயின் இடுப்பு மூட்டு நோய்: சத்திரசிகிச்சைக்கு வயதே அளவுகோல்

ஊரில் வாழ்ந்த காலத்தில் நாய்க்கென்று வைத்தியரைத் தேடிச் சென்றவர்கள் நம்மில் சிலரே. முற்றத்தில் படுத்து, மிஞ்சிய சோற்றை உண்டு, வேலியோரம் காவல் காத்த அந்த நாய் நொண்டினால், கல்லெறி பட்டிருக்கும் என்று விட்டுவிடுவோம். இன்று பிள்ளைகளின் விருப்பத்திற்காக ஜேர்மன் ஷெப்பேட், லாப்ரடோர் குட்டிகளை வாங்கி வீட்டினுள்ளே வளர்க்கிறோம். இவ்வினங்களின் நொண்டலை அவ்வாறு விட்டுவிடுதல் தகாது.

பெரிய இன நாய்களை வாட்டும் இடுப்பு மூட்டுக் குறைவளர்ச்சி ஒரு பரம்பரை நோயாகும். தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் இறுகப் பொருந்தியிருத்தல் வேண்டும். இந்நோயில் மூட்டுத் தளர்ந்து, தலை நழுவி நழுவி உராய்கின்றது, குழியும் ஆழங்குன்றுகின்றது. நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் குடிகொள்கின்றது. படியேறத் தயங்குவதும், ஓடும்போது முயலைப்போல இரு பின்னங்கால்களையும் ஒன்றாக ஊன்றித் துள்ளுவதும் அறிகுறிகளாகும். அத்துள்ளலைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். உண்மையில் அது எச்சரிக்கையாகும்.

எந்தச் சத்திரசிகிச்சை பொருந்தும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது நாயின் வயதே. குட்டிக்கு 12 முதல் 20 வாரங்களுக்குள், இடுப்பெலும்பின் கீழ்ப்பக்க வளர்ச்சித்தட்டை மின்வெப்பத்தால் சுட்டு மூடுவர். அப்பகுதியின் வளர்ச்சி நின்றுவிட, ஏனைய எலும்பு வளரும்போது குழி தானாகவே திரும்பித் தலையை மூடிக்கொள்ளும். சிறிய சிகிச்சை; குட்டி விரைவில் தேறிவிடும். ஆயினும் நோய் மரபில் தொடரும் என்பதால் அந்நாய்க்குக் கருத்தடையும் செய்தல் வேண்டும். ஏறத்தாழ 10 மாதம் வரை, மூட்டுவாதம் தோன்றாதிருந்தால், இடுப்பெலும்பை இரண்டு அல்லது மூன்று இடங்களில் வெட்டி, குழியைத் திருப்பி, தகடும் திருகாணியும் கொண்டு பொருத்துவர்.

அதற்குப் பின்னர் இரு வழிகள் உள்ளன. முதலாவது, மனிதருக்குச் செய்வது போன்று உலோகத்தாலான செயற்கை மூட்டுப் பொருத்துதல். நாய் வலியின்றி ஓடித் திரிய இதுவே சிறந்தது. ஆனால் ஒரு பக்கத்திற்கே பல ஆயிரம் யூரோ செலவாகலாம். மூட்டு விலகுதல், கிருமித் தொற்று ஆகிய ஆபத்துகளும் உண்டு. இரண்டாவது, தொடையெலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி அகற்றுதல். அவ்விடத்தில் தசையும் தழும்பும் சேர்ந்து பொய்மூட்டு ஒன்றை அமைக்கின்றன. செலவு குறைவு, எடை குறைந்த நாய்களுக்கு நன்கு பயன்படும். பெரிய நாய்க்கு நடையில் குறை எஞ்சலாம். ஆயினும் வலி குறையும். வசதியில்லாத குடும்பம் இதைத் தெரிவு செய்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அறிகுறி தோன்றிய பின்னர் எடுக்கும் காப்புறுதி இந்நோய்க்குப் பொதுவாக உதவாது என்பதையும் நினைவில் கொள்ளல் நன்று.

கத்தியின்றிச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வொன்றின் முடிவுகள் 2002 இல் வெளியாகின. 25 வீதம் குறைவாக உணவு பெற்றவை ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டுவாதமும் அவற்றில் குறைவாகவும் பிந்தியும் தோன்றியது. அன்பின் பெயரால் நாம் இடும் மேலதிகச் சோறு அம்மூட்டின் மீதே ஏறுகின்றது.

புலம்பெயர் நாட்டு வைத்தியசாலையில் பிள்ளை பெற்றவர்களுக்கு, வைத்தியர் சிசுவின் தொடைகளை மடித்து விரித்துப் பார்த்தது நினைவிருக்கும். இத்தாலியக் குழந்தை வைத்தியர் ஓர்த்தொலானி 1937 இல் விவரித்த அச்சோதனையையே மிருக வைத்தியர்கள் நாய்க்குட்டிக்கும் செய்கின்றனர். குட்டியை வாங்குமுன் தாய், தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்றேச் சான்றிதழைக் கேளுங்கள். வாங்கிய பின் மூன்றாம் மாதத்திலேயே இச்சோதனையைச் செய்வியுங்கள். நொண்டும் வரை காத்திருந்தால் எளிய வழி அடைபட்டுவிடும்.