அடிபட்ட மூளையும் ஹார்மோன் மருந்தும்

பக்கவாதத்தாலோ விபத்தில் தலையில் பட்ட அடியாலோ மூளைக்கு நேரும் சிதைவு அந்த நொடியோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த சில நாட்களில் மூளை வீங்கி, நரம்பு செல்களுக்குள் கால்சியம் மிதமிஞ்சிப் புகுந்து, முதலில் தப்பிய செல்களும் மடியத் தொடங்குகின்றன. இந்த இரண்டாம் கட்ட அழிவைத் தடுக்கும் மருந்தைத் தேடியபோதுதான், கருப்பையைக் கருத்தரிப்புக்கு ஆயத்தமாக்கும் ஹார்மோனாக அறியப்பட்டிருந்த புரோஜெஸ்டிரோன் மூளை ஆய்வுக்குள் வந்தது.

மூளையில் காயம்பட்ட எலிகளுள் பெண் எலிகள் நன்றாகத் தேறுவதையும், அவற்றிலும் புரோஜெஸ்டிரோன் மிகுந்தவற்றுக்கு வீக்கம் குறைவதையும் கண்ட டொனால்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். ஆண், பெண் இருபாலரின் மூளையிலும் இந்த ஹார்மோன் சிறிதளவு உருவாகிறது என்பது நம்பிக்கையை மேலும் வளர்த்தது. தலைக்காயம் அடைந்த 100 பேரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றோருள் 13 சதவீதமாகவும் பெறாதோருள் 30 சதவீதமாகவும் இருந்தனர்.

ஆனால் நூறு பேரில் தெரியும் வேறுபாடு தற்செயலாகவும் அமையக்கூடும். ஆகவே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹார்மோனும் மற்றதற்கு அதைப் போலத் தோன்றும் மருந்தற்ற கரைசலும் செலுத்தி, யாருக்கு எது கிடைத்தது என்பதை மருத்துவரும் அறியாதபடி நடத்தும் பெரிய ஆய்வுகள் தேவைப்பட்டன. அப்படி அமெரிக்காவில் 882 பேரிடமும், 21 நாடுகளில் 1,195 பேரிடமும் நடந்த இரு ஆய்வுகளின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தபோது, இரண்டிலும் புரோஜெஸ்டிரோனால் எப்பயனும் காணப்படவில்லை. எலியின் காயம் ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவாக உண்டாக்கப்படுவது; மனிதரின் காயமோ ஆளுக்கு ஆள் இடமும் ஆழமும் மாறுபடுவது என்பதைத் தோல்விக்கு ஒரு காரணமாகக் கருதுகின்றனர்.

இத்தகைய சோதனை எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஸ்டீராய்டு மருந்தின் வரலாறும் உணர்த்துகிறது. மூளை வீக்கம் தணியும் என்று நம்பிப் பல ஆண்டுகள் தலைக்காயத்துக்குக் கொடுக்கப்பட்ட மெத்தில்பிரெட்னிசலோன், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனை ஒத்த செயற்கை மருந்து. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அதைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், இரு வாரங்களுக்குள் இறந்தோர் மருந்து பெறாதோருள் 18 சதவீதமாக இருக்க, பெற்றோருள் 21 சதவீதமாக இருந்தனர். பக்கவாதம் கண்ட, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்த ஆய்விலும் (2001) மறு தாக்குதல் குறையவில்லை.

எனினும், இதனால் ஹார்மோன் சிகிச்சையே பயனற்றது என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. மூளையின் அடியில், ஒரு சிறிய எலும்புக் குழிக்குள், மெல்லிய காம்பில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் தைராய்டு, அட்ரீனல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவற்றை ஆள்கிறது. பலத்த அடியில் மூளை குலுங்கும்போது அந்தக் காம்பும் அதனூடே செல்லும் நுண்ணிய இரத்த நாளங்களும் சிதையலாம். தலைக்காயத்தில் பிழைத்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒரு ஹார்மோனாவது குறைவதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது; பக்கவாதத்துக்குப் பிறகும், குறிப்பாக மூளை உறைக்கடியில் இரத்தம் கசிந்தோரிடம், இக்குறை காணப்படுவதுண்டு. இதன் அறிகுறிகளான தீராத சோர்வு, மனத்தளர்ச்சி, கவனக்குறைவு, மாதவிடாய் நின்றுபோதல், தாம்பத்திய நாட்டமின்மை ஆகியவற்றுள் பலவும் மூளைக் காயத்தின் விளைவுகளையே ஒத்திருப்பதால், “அடிபட்டவர் அப்படித்தான் இருப்பார்” என்று வீட்டாரும் சில சமயம் மருத்துவரும் விட்டுவிடுகின்றனர். இதுவே மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில் இக்குறையை இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து, இல்லாத ஹார்மோனை ஈடுசெய்ய முடியும்.

இத்தகைய குறைகளுள், அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் குறைவது உயிருக்கே ஆபத்தானது. கார்டிசாலும் தைராய்டு ஹார்மோனும் சேர்ந்து குறைந்திருப்பவருக்கு முதலில் கார்டிசாலை ஈடுசெய்யாமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினால் நிலைமை திடீரென மோசமாகலாம் என்பதால், இச்சிகிச்சையை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காயத்தை அடுத்துத் தோன்றும் குறை சிலருக்குத் தானே சரியாகிவிடுகிறது. வேறு சிலருக்குப் பல மாதங்கள் கழித்தே வெளிப்படுகிறது. ஆகவே தலைக்காயத்திலிருந்து மீண்டவர் மாதங்கள் கடந்தும் சோர்விலிருந்து எழவில்லை என்றால், குடும்பத்தார் மூளைக்கு வலுவூட்டும் ஊசி எதையும் தேடி அலையாமல், பிட்யூட்டரி ஹார்மோன்களைச் சோதிக்குமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.