இருமலுக்கு நாள் குறியுங்கள்

இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து இருமுவார். சளி வராது, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் நூல் ஒட்டியது போல் ஓயாத வறட்டு இருமல். பினாங்கு ஜார்ஜ் டவுன் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் காலை மணி அடிக்கும்போதுதான் அசந்து தூங்குவார்.

எங்கள் வீட்டில் இருமலுக்கு முதல் வைத்தியம் அடுப்படியில்தான். லிட்டில் இந்தியா மளிகைக்கடையில் சித்தரத்தை, திப்பிலி, அதிமதுரம் வாங்கி வந்தேன். சித்தரத்தையை இடிகல்லில் தட்டும்போதே காரமான வாசம் மூக்கில் ஏறும். இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டியதும் பனங்கற்கண்டு போட்டு வெதுவெதுப்பாகக் கொடுப்பேன். குடித்ததும் தொண்டை அடங்கும்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. வெதுவெதுப்பும் இனிப்பும் உறுத்தும் தொண்டைக்கு இதம் தரும். சளி பிடித்த பிள்ளைகளின் இருமலுக்குத் தேன் இதம் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே 2001-இல் எழுதியது. படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். நம் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது.

ஆனால் அம்மாவுக்கு அந்த இதம் அரை மணி நேரம்தான். புகைமூட்டம் என்றோம். சாம்பிராணியையும் கொசுவத்தியையும் நிறுத்தினோம். "சுக்குக்கு மிஞ்சின மருந்து ஏதும்மா? போகப் போகச் சரியாயிடும்" என்று அம்மா சொல்ல, நானும் கஷாயத்தின் அளவைக் கூட்டினேன். பத்து வாரம் ஓடிவிட்டது.

கடைசியில் அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் நன்றாகவே இருந்தன. டாக்டர் அம்மாவின் மாத்திரைப் பையைக் கேட்டார். உள்ளே பெரின்டோபிரில், அம்மாவின் பிரஷர் மாத்திரை. பெரின்டோபிரில், எனாலாபிரில் வகை மாத்திரை சாப்பிடும் சிலருக்கு பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தேங்கி வறட்டு இருமலைக் கிளப்புமாம். ஆரம்பித்துப் பல மாதம் கழித்தும் அது வரலாமாம். அடுத்து அவர் கேட்டது கஷாயத்தில் என்ன போடுகிறீர்கள் என்று. அதிமதுரம் என்றேன். அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும் என்றார். நான் பாசத்தோடு காய்ச்சியதே அம்மாவின் மாத்திரைக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. எனக்குப் பேச்சு வரவில்லை.

மாத்திரையை மாற்றினார்கள். மூன்று வாரத்தில் அம்மா விடிய விடியத் தூங்கினார். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

சாதாரணச் சளி இருமல் மூன்று வாரம்வரை இழுக்கலாம். அதுவரை வெந்நீர், தேன், மிளகு ரசம், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு எல்லாம் செய்யுங்கள். ஆனால் இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்க்குச் சளியைச் சோதிப்பது நல்லது. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், எடைக் குறைவு, இரவில் வியர்வை, இவற்றில் எது இருந்தாலும் நாளெண்ணவே வேண்டாம், உடனே போங்கள். எட்டு வாரம் தாண்டிய இருமலுக்குப் பின்னால் ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி, நெஞ்செரிச்சல் என்று ஏதோ ஒன்று இருக்கும். கஷாயம் தொண்டையை ஆற்றும், அதைக் கண்டுபிடிக்காது.

போன மாதம் ஐந்து வயதுப் பேரன் இருமினான். அம்மா தேனை எடுத்துக் கொடுத்தார். பிறகு அடுப்படிச் சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டமிட்டார். ஒன்பதாம் நாள் இருமல் நின்றது. வட்டத்தை அம்மாவே அழித்தார்.